எந்தத் தண்ணீர், எந்த நுளம்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் புத்தூரைச் சுற்றி இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஊருக்கு அருகே நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடி காண முடியாதது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த அந்தக் கிணற்றின் ஆழம் ஐம்பது மீற்றருக்கு மேல். மேல்மட்டத்தில் நன்னீர், இறங்க இறங்க உவர். ஊருக்குக் கிழக்கே, வாதரவத்தைப் பக்கமாக மீசாலைக்குப் போகும் வீதியில் சென்றால் உப்பாற்றுக் கடலேரி. மாரியில் அங்கே வெள்ளம் பரந்து நிற்கும். கோடையில் நிலம் வெளுத்து உப்புப் பூக்கும். இரண்டுக்கும் நடுவே செம்மண் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, நிலத்தடியில் கசிந்து நிற்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் இது நடக்கிறது. குடிக்கவும் குளிக்கவும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கவும் நமக்கு இருப்பது அந்த நன்னீர்ப் படைதான். குடாநாட்டின் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் அதைத் தொட்டு நிற்கின்றன.

பூச்சிகள் மனிதருக்கு நோயைக் கொண்டுவருவது பற்றிய அத்தியாயத்தைத் தண்ணீரில் தொடங்கக் காரணம் இருக்கிறது. உலகில் 3,500-க்கும் மேற்பட்ட நுளம்பு இனங்கள் அறியப்பட்டுள்ளன. இலங்கையில் மட்டும் நூற்றுக்கும் மேல். அவற்றுள் மிகச் சிலவே நமக்கு நோய் தருகின்றன. அந்தச் சிலவற்றுள்ளும் ஒன்று தேடிப் போகும் தண்ணீரை மற்றது திரும்பியும் பார்க்காது. கழிவுநீர்க் குழியில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு இரவெல்லாம் காதருகே இரைந்து நம் நித்திரையைக் கெடுக்கும். ஆனால் டெங்கு அதனால் வருவதில்லை. டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீரைத் தேடும், பகலில் கடிக்கும், இரைச்சலும் பெரிதாக இராது. நம் ஊர்களில் நுளம்பு ஒழிப்பில் செலவாகும் உழைப்பில் பெரும் பங்கு வீணாவது, எந்த நுளம்பு, எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் தொடங்குவதால்தான். சிரமதானத்தில் ஊரே திரண்டு தெருவோர வாய்க்காலைத் துப்புரவாக்கும். அதே நேரம் வீட்டுக் கூரைப் பீலியில் சருகு அடைத்து நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் நெளிந்துகொண்டிருக்கும்.

*

பூச்சி ஒன்று நோயைக் கடத்துவது எப்படி? எளிய வழி இலையானுடையது. மலத்திலும் குப்பையிலும் இருந்துவிட்டுச் சோற்றில் வந்து குந்தும்போது அதன் கால் மயிர்களில் ஒட்டிய கிருமிகள் இறங்குகின்றன. இலையானால் திண்ம உணவை அப்படியே உண்ண முடியாது; முன்னர் விழுங்கியதைக் கக்கி, உணவைக் கரைத்துத்தான் உறிஞ்சும். அந்தக் கக்கலோடும் கிருமி சேரும். வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் இப்படிப் பரவலாம். இங்கே கிருமிக்கு இலையானின் உடல் வெறும் வாகனம். அது இலையானுக்குள் வளர்ந்து உருமாற வேண்டியதில்லை. சோற்றை மூடி வைத்தால், மலசலகூடம் ஒழுங்காக இருந்தால், இந்த வழி அடைபட்டுவிடும்.

மற்ற வழிகள் இவ்வளவு எளியவை அல்ல. கொள்ளைநோயின் பற்றீரியா எலியின் தெள்ளுக்குள் பெருகி, அதன் முன்குடலை அடைத்துவிடுகிறது. இரத்தம் வயிற்றுக்குள் இறங்காததால் பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. கடிக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி கலந்த இரத்தத்தைத் திருப்பிக் கக்குகிறது. தெள்ளுதான் குற்றவாளி என்பதை 1898 இல் கராச்சியில் வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர் போல்-லூயி சிமோன் பரிசோதனையால் காட்டினார். அந்த நாளில் பலர் நம்ப மறுத்தார்கள். போர்க்களங்களிலும் சிறைகளிலும் படைகளையே அழித்த தைபசுக் காய்ச்சலைப் பரப்புவது உடற்பேன் என்று 1909 இல் துனிசில் சார்ல்சு நிக்கோல் நிறுவினார். அந்தப் பேன் கடித்த இடத்தில் எச்சமிடும். நாம் சொறியும்போது எச்சத்தில் உள்ள கிருமி கீறலுக்குள் போய்விடும். நோயைத் தோலுக்குள் ஏற்றுவது நம் சொந்த நகம்தான்.

நுளம்பின் வழி உமிழ்நீர். பெண் நுளம்பு மட்டுமே இரத்தம் குடிக்கும். உயிர் வாழ அதற்குப் பூந்தேனும் தாவரச் சாறும் போதும். இரத்தம் வேண்டியது முட்டைகளுக்கான புரதத்துக்கு. அதன் ஊசி என்று நாம் நினைப்பது உண்மையில் ஆறு மெல்லிய உறுப்புகளின் கட்டு. இரண்டு தோலை அறுக்கும். இரண்டு வெட்டைப் பிளந்து பிடிக்கும். ஒன்று குருதி நாளத்தைத் தேடிக் குத்தி உறிஞ்சும். மற்றது உமிழ்நீரைச் செலுத்தும். இரத்தம் உறையாமலும் நாளம் சுருங்காமலும் இருப்பதற்கான பொருட்கள் அந்த உமிழ்நீரில் இருக்கின்றன. பிறகு நமக்குக் கடிப்பது, தடிப்பது எல்லாம் அந்தப் பொருட்களை எதிர்த்து நம் உடல் காட்டும் குணம். டெங்கு வைரசும் மலேரியா ஒட்டுண்ணியும் நமக்குள் வருவது இந்த உமிழ்நீரோடுதான்.

ஆனால் நுளம்பு இரத்தம் குடித்த உடனே கிருமி அதன் உமிழ்நீருக்குள் போய்விடுவதில்லை. டெங்கு நோயாளியின் இரத்தத்தோடு வைரசு நுளம்பின் நடுக்குடலுக்குள் இறங்குகிறது. அங்கே குடற்சுவரின் கலங்களுக்குள் நுழைந்து பெருக வேண்டும். பல நுளம்புகளில் வைரசு அந்தச் சுவரிலேயே தோற்றுப் போகிறது. தப்பியது நுளம்பின் உடற்குழிக்குள் வந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அங்கும் பெருக வேண்டும். நம் வெப்பநிலையில் இதற்கு 8 முதல் 12 நாள் வரை ஆகும். அதன் பிறகு அந்த நுளம்பு சாகும்வரை, கடிக்கும் ஒவ்வொருவருக்கும் நோயைக் கொடுக்கவல்லது. மலேரியா ஒட்டுண்ணிக்கும் ஏறக்குறைய இதே கால அளவு வேண்டும். அது நுளம்பின் வயிற்றில் ஆணும் பெண்ணுமாகக் கூடி, குடற்சுவரில் கட்டிபோல் வளர்ந்து வெடித்து, ஆயிரக்கணக்கில் சுரப்பிக்குப் போகிறது. அந்தக் கட்டிகளைத்தான் ரொனால்டு ரோசு 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில், நோயாளியின் இரத்தம் குடித்த நுளம்பை அறுத்துப் பார்த்தபோது கண்டார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1877 இல், யானைக்கால் நோயின் புழு நுளம்புக்குள் வளர்வதைச் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பற்றிக் மான்சன் கண்டிருந்தார். ஆனால் நுளம்பு தண்ணீரில் செத்து விழ, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் எண்ணினார்.

இந்தப் பத்து நாளில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியில் வாழும் நுளம்புக்கு ஆயுள் சில வாரங்களே; பல்லி, தும்பி, சிலந்தி, காற்று, வெயில் என்று நாளுக்கு நாள் சில சாகும். நோய்க் கிருமியை உட்கொண்ட நூறு நுளம்புகளில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்குத் தொண்ணூறு தப்பிப் பிழைக்கின்றன என்று வைத்துக்கொண்டால், பத்து நாளின் பின் மிஞ்சுவது ஏறத்தாழ 35. நூற்றுக்கு எண்பது பிழைத்தால் மிஞ்சுவது 11 மட்டுமே. நாளாந்தப் பிழைப்பில் ஒரு சிறு குறைவு, நோய் தரவல்ல கிழட்டு நுளம்புகளை மூன்றில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. ஆங்கிலேய மலேரியா அறிஞர் ஜோர்ஜ் மக்டொனால்டு 1950களில் இந்தக் கணக்கைத் தெளிவாக்கினார். நுளம்பை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. அது கிழடாகும் முன் சாக வேண்டும். இந்த உண்மை இலங்கையின் மலேரியா வரலாற்றில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

*

1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மழை குறைந்தால் நுளம்பு குறையும் என்று எவரும் நினைப்பார்கள். நடந்தது அதற்கு எதிர். கேகாலை, குருநாகல் பகுதிகளில் வழக்கமாக வேகமாக ஓடும் ஆறுகள் வற்றி, மணலிலும் பாறைகளிலும் ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. வெயில் படும் அந்தத் தெளிந்த குட்டைகள் அனோபிலஸ் கூலிசிபேசிசு என்ற நுளம்புக்கு மிக உகந்தவை. மலேரியா அதிகம் கண்டிராத, அதனால் எதிர்ப்புச் சக்தியும் இல்லாத மக்களிடையே நோய் பாய்ந்தது. 1935 வரை நீடித்த அந்த மலேரியாப் பரவலில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். வறட்சியே அவர்களைக் கொன்ற நுளம்பைப் பெருக்கியது. எந்தத் தண்ணீர் என்ற கேள்வியின் பாரம் அந்த எண்ணிக்கையில் தெரிகிறது.

இரண்டாம் உலகப் போரின் பின் டிடிரி என்ற பூச்சிகொல்லி வந்தது. மலேரியா நுளம்பு இரத்தம் குடித்து வயிறு கனத்ததும் பக்கத்துச் சுவரில் போய் ஓய்ந்திருக்கும். சுவரில் டிடிரி இருந்தால் அங்கேயே சாகும். பத்து நாளைக் காணாது. மக்டொனால்டின் கணக்கு வீட்டுச் சுவர்களில் நடந்தேறியது. 1963 இல் நாடு முழுவதும் மலேரியா என்று பதிவானவர்கள் 17 பேர் மட்டுமே. வெற்றி கிடைத்துவிட்டது என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதற்குள் நுளம்பும் டிடிரிக்குப் பழகியிருந்தது.

பிறகு போர். தொண்ணூறுகளில் வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்த மக்கள் மரத்தடியிலும் கொட்டில்களிலும் கிடந்தார்கள். தெளிக்கச் சுவரும் இல்லை, மருந்தின் வரத்தும் தடைப்பட்டிருந்தது. 1999 இல் நாட்டில் 264,549 பேருக்கு மலேரியா உறுதிப்பட்டது, பெருஞ்சுமை வடகிழக்கில். அந்த நிலையிலிருந்து, போர் நடந்துகொண்டிருந்தபோதே மலேரியா தடை இயக்கத்தின் ஊழியர்கள் இரத்தத் துளி எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, நோயாளியைத் தேடிப் போய் மருந்து கொடுத்து, மருந்திட்ட நுளம்பு வலை கொடுத்து நோயைக் கீழே கொண்டுவந்ததை நம் நாட்டின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் வைப்பேன். அவர்களுடைய பெயர்கள் எந்த நடுகல்லிலும் இல்லை. இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

*

டெங்கின் கதை வேறு. அதைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டை காட்டை விட்டு நம் வீட்டு வளவுக்கே குடிவந்த நுளம்பு. காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு நூறு மீற்றருக்கு அப்பால் பெரும்பாலும் பறக்காது. உங்கள் வீட்டில் டெங்கு வந்தால், அந்த நுளம்பு உங்கள் வளவில் அல்லது அயல் வளவில் பிறந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். யோகட் கோப்பை, பழைய ரயர், எலி கோதிய இளநீர், சிரட்டை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கூரைப் பீலி: இவையே அதன் குளங்கள். அதன் உறவான ஈடிஸ் அல்போபிக்டசு மரப்பொந்திலும் இலைக் கக்கத்திலும் தேங்கும் தண்ணீரையும் விடாது.

முட்டையிடும் முறைதான் இந்த நுளம்பின் பெரும் பலம். அது முட்டையைத் தண்ணீரின் மேல் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டும். எல்லா முட்டைகளையும் ஒரே இடத்திலும் இடாது. பல பாத்திரங்களில் பங்கிட்டு வைக்கும். ஒட்டிய முட்டை காய்ந்து பல மாதம் கிடந்தாலும் சாகாது. கார்த்திகை மழையில் தண்ணீர் உயர்ந்து முட்டையைத் தொட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். பொரித்ததிலிருந்து பறக்கும்வரை ஒரு வாரம் அல்லது சற்றுக் கூட ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வலியுறுத்துகிறார்கள். அந்த "வாரம் ஒருமுறை" நுளம்பின் உயிரியலிலிருந்து வந்த கணக்கு.

புகையடிப்பதைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். தெருவில் இயந்திரம் இரைந்து வெள்ளைப் புகை எழும்போது மக்களுக்கு ஆறுதல் வருகிறது. ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கை. அந்தப் புகை அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் நுளம்பைக் கொல்லும். குடம்பியை ஒன்றும் செய்யாது; முட்டையை ஒன்றும் செய்யாது; வீட்டுக்குள் தொங்கும் உடுப்பின் பின்னால் இருக்கும் நுளம்பை எட்டுவதும் அரிது. நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி, வைரசு ஏந்திய நுளம்பைக் கொல்ல அவசரத்துக்கு அது உதவலாம். ஊரைக் காக்கும் முறை அது அல்ல. வளவைப் பார்க்கும் வேலைக்கு மாற்று இல்லை.

குடாநாட்டுக்கு டெங்கு வந்த வரலாறும் ஒரு பாடம் தருகிறது. 2006 இன் கடைசியில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி பூட்டப்பட்டு மருந்துக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், சிக்குன்குனியா யாழ்ப்பாணத்தில் பரவியது. மூட்டுவலியால் நிமிர முடியாமல் நடந்தவர்களை அந்தக் காலத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிக்குன்குனியாவையும் பரப்புவது இதே ஈடிஸ் நுளம்புகள். அதாவது நுளம்பு அப்போதே இங்கே தாராளமாக இருந்தது. போர் முடிந்து ஏ9 வீதி திறந்து போக்குவரத்துப் பெருகிய 2009–2010 மாரியில் டெங்கு பெருகியது. நுளம்பு காத்திருந்தது, வைரசைக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். 2017 இல் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு ஐயத்துடன் பதிவானார்கள். அதுவே இலங்கையின் மிகப் பெரிய டெங்குப் பரவல். தெற்கில் டெங்கின் உச்சம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தோடு வரும். நமக்கு அது கார்த்திகை, மார்கழி, தை.

இனி உப்புக்கு வருவோம். டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே வளரும் என்பது உலகெங்கும் பாடநூல்களில் இருந்த கூற்று. நுளம்பு ஒழிப்புத் திட்டங்கள் எல்லாம் அதை நம்பியே வகுக்கப்பட்டன. உவர் நீரைப் பெரும்பாலும் யாரும் தேடிப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனும் நோயெதிர்ப்பியலாளர் ரஞ்சன் இராமசாமியும் அவர்களுடைய குழுவினரும் தேடிப் பார்த்தார்கள். இலங்கையின் கரையோரங்களில் கைவிட்ட கிணறுகளிலும், பயன்படாத படகுகளிலும், எறிந்த பிளாஸ்திக்குப் பாத்திரங்களிலும் உப்புக் கலந்து நின்ற தண்ணீரில் ஈடிஸ் குடம்பிகள் உயிரோடு நெளிவதை 2011 இல் வெளியிட்டார்கள். சில இடங்களில் அந்த நீரில் லீற்றருக்கு 15 கிராம் வரை உப்பு இருந்தது. கடல் நீரில் இருப்பது ஏறத்தாழ 35 கிராம்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: தவறி விழுந்த முட்டைகள் எப்படியோ பிழைத்துக்கொண்டனவா, அல்லது நுளம்பே மாறிவருகிறதா? குருநகர்க் கரையோரத்து உவர் நீரில் எடுத்த ஈடிசையும், உள்ளே, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நன்னீரில் எடுத்ததையும் ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டார்கள். உவர் நீர்க் குடும்பம் கூடிய உப்பைத் தாங்கியது. குடம்பியின் பின்முனையில் உப்புச் சமநிலையைப் பேணும் சிறு இதழ் போன்ற உறுப்புகள் உண்டு. நன்னீரில் இருக்கும்போது தண்ணீரில் உள்ள சிறிதளவு உப்பை இழுத்து உடலுக்குள் சேர்ப்பது அவற்றின் வேலை. உவர் நீர்க் குடம்பியில் அவற்றின் அமைப்பே மாறியிருந்தது. 2023 இல் அதே குழு வெளியிட்ட ஆய்வு, உப்பைத் தாங்கும் ஈடிசின் முட்டைகளிலும் குடம்பிகளிலும் மேற்பரப்பு மாறியிருப்பதையும், குடம்பி கொல்லியாகத் தண்ணீரில் இடும் தெமிபொசு மருந்துக்கு அவை கூடிய எதிர்ப்புக் காட்டுவதையும் சொன்னது. உப்பைத் தடுக்கும் உடல் மருந்தையும் தடுக்கிறது.

பரிணாமம் என்றால் கோடி ஆண்டுக் கதை என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு நுளம்புத் தலைமுறை இரண்டு மூன்று வாரத்தில் முடிகிறது. ஓர் ஆண்டில் பதினைந்துக்கும் மேல். தெரிவு கடுமையாக இருந்தால் நம் கண் முன்னாலேயே இனம் மாறும். நாம் நன்னீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டே உவர் நீரை விட்டுவைத்தால், உவருக்குள் பிழைக்கும் குடும்பமே மிஞ்சி, பெருகி, உள்ளே திரும்பி வரும். கடல்மட்டம் ஏறுகிறது, வரம்பின்றி இறைப்பதால் கிணறுகளில் உவர் ஏறுகிறது, உப்பாற்றின் கரையூர்களுக்கு இது தெரிந்த துயரம். உவரேறியதால் கைவிட்ட கிணறு தோட்டக்காரருக்குத்தான் பயனற்றது. ஈடிசுக்கு அது இனிப் பயன்படலாம். ஆகவே உப்பாற்றை அண்டிய புத்தூர் கிழக்கு, வாதரவத்தை போன்ற இடங்களில் வளவைப் பார்ப்பவர்கள் உவர்க் கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்வுகள் எனக்குச் சொல்வது.

*

தண்ணீரே வேண்டாத ஒன்றும் நம் மண்ணில் இருக்கிறது. மாரியிலும் அதை அடுத்த மாதங்களிலும் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று ஒரு காய்ச்சல் வரும். பற்றைகளிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஒரு சிற்றுண்ணியின் குடம்பி கடிப்பதால் வருவது அது. வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால். ஆகவே பூச்சியினம் அல்ல, சிலந்தியின் உறவு. குடம்பிக்கு மட்டும் ஆறு கால். அது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முதுகெலும்புள்ள உயிரைக் கடிக்கும்; வளர்ந்த பின் மண்ணில் உள்ள சிறு பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். ஒரு முறை மட்டும் கடிப்பது கிருமியை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுப்பது எப்படி? கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுகிறது. பிறக்கும்போதே தொற்றோடு பிறக்கும் குடம்பி அது.

கடித்த இடத்தில் நோவு இராது. சில நாளில் அங்கே சிகரட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்குத் தோன்றும். கக்கத்திலோ அரையிலோ மறைந்திருப்பதால் நோயாளியே அதைக் காண்பதில்லை. காய்ச்சல் டெங்கைப் போலவே தோன்றும். ஆனால் டெங்கு வைரசுக்கு நேரான மருந்து இல்லை, இதற்கு உண்டு. டொக்சிசைக்கிளின் என்ற விலை குறைந்த குளிசை கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். பிந்தினால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே வரலாம். அந்தப் பொருக்கைத் தேடிக் கண்டுபிடிப்பது இரத்தப் பரிசோதனை முடிவைவிட முந்தி உயிரைக் காக்கும். போரில் மக்கள் விட்டுப்போன வளவுகளில் பற்றை ஏறியதும், எலி பெருகியதும் இந்தச் சிற்றுண்ணிக்கு உதவியிருக்கும் என்று எண்ண இடமுண்டு. பற்றை வெட்டப் போகிறவர்கள் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு, வந்ததும் குளித்து உடுப்பை மாற்றுவது நல்லது.

*

மீண்டும் கிணற்றுக்கு வருகிறேன். நிலாவரையும் அதைப் போன்ற நம் கிணறுகளும் மலேரியாவைப் பொறுத்தவரை நெடுங்காலம் பெரிய கவலை தரவில்லை. இலங்கையின் முதன்மை மலேரியா நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடுவது; நமக்கோ ஆறில்லை. போர்க்காலத்து மலேரியா வன்னியிலும் கிழக்கிலும் கடுமையாக இருந்ததற்கு அந்த மண்ணின் குளங்களும் ஆறுகளும் ஒரு காரணம்.

2016 டிசெம்பரில் மன்னார்த் தீவில் ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது: அனோபிலஸ் ஸ்டீபன்சி. இலங்கையில் அதற்கு முன் அது பதிவானதே இல்லை. இந்தியாவின் நகர மலேரியாவைப் பரப்புவது அது. சென்னையில் கிணறுகளும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளும் அதன் வாழிடங்கள். மன்னாரிலும் அதைக் கண்டது வீட்டுக் கிணறுகளில்தான். பிறகு யாழ்ப்பாண நகரத்துக் கிணறுகளிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. பல பூச்சிகொல்லிகளுக்கு அது எதிர்ப்புக் காட்டுகிறது. இந்த நுளம்பு 2012 இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டியை அடைந்தது. அங்கே ஏறக்குறைய ஒழிந்திருந்த மலேரியா மீண்டும் ஏறியது. 2022 இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் மழையில்லாக் காலத்தில் மலேரியா வெடித்தபோது, காரணமாக நின்றதும் இதுவே. மழைக்குக் காத்திராமல், மனிதர் சேமித்த தண்ணீரில் ஆண்டு முழுவதும் அது வளரும்.

குடாநாட்டுக்கு இதைவிடக் கவலைதரும் நுளம்பு வேறில்லை. ஆறில்லாததால் மலேரியாவில் நமக்கிருந்த சிறு பாதுகாப்பு, கிணற்றை நாடும் நுளம்பு வந்ததும் போய்விட்டது. நமக்கிருப்பது எல்லாமே கிணறு. நல்லவேளையாக ஒன்று மீதமிருக்கிறது: நுளம்பு வந்தாலும் ஒட்டுண்ணி உள்ளூரில் இல்லை. மனித இரத்தத்திலிருந்து எடுக்க மலேரியா இல்லையென்றால் ஸ்டீபன்சியும் வெறும் கடிக்கும் பூச்சியே. ஆனால் ஒட்டுண்ணி விமானத்திலும் வள்ளத்திலும் வரும். 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர் நுளம்பின் வழியாக ஓர் இலங்கையருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் பரவவில்லை. வைவாக்சு வகை மலேரியா ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து மீண்டும் எழும். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்து பல மாதமாகிவிட்டதே என்று விட்டுவிட முடியாது.

புழங்கும் கிணற்றை மூடச் சொல்வது குடாநாட்டில் நடக்கக்கூடிய காரியம் அல்ல. நான் அதைச் சொல்லவும் மாட்டேன். நாள்தோறும் அள்ளி இறைக்கும் கிணற்றில் கப்பி மீன் விட்டால் குடம்பிகளைத் தின்னும். மலேரியா தடை இயக்கம் இந்த முறையைப் பயன்படுத்திவந்திருக்கிறது. பயன்படாத கிணற்றுக்கு நுளம்பு நுழையாத வலையால் மூடி போட வேண்டும்; அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லி மருந்திடுவிக்க வேண்டும். தூர்ந்த, உவரேறிய கிணறானால் நிரப்பி மூடிவிடுவதே சரி. கூரையில் வைத்த கறுத்த பிளாஸ்திக்குத் தாங்கியின் மூடி காற்றில் பறந்துபோய்த் திறந்தபடி கிடக்கிறதா என்று ஏணி வைத்து ஒருமுறை பாருங்கள்.

வலிகாமத்திலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வராத குடும்பம் குறைவு. ஆபிரிக்க நாடுகளில் வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். மலேரியா அற்ற நாட்டில் பயிற்சி பெற்ற இளம் வைத்தியர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் ஒரு மலேரியா நோயாளியையும் காணாமல் இருக்கலாம். காய்ச்சல் என்றதும் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. ஆகவே போய்வந்த பின் காய்ச்சல் வந்தால், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; எந்த நாட்டுக்கு, எப்போது போனீர்கள் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள், மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் அந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.